பொருந்தவில்லை

ஐந்நூற்றுப் பன்னிரண்டு யூனிட் என்கிறான் கோதண்டன்.
மின்கட்டண அட்டையால் விசிறிக்கொண்டே சொல்கிறான்.
வெறும் பன்னிரண்டுக்கு
மேல் படிக்கு ஏற்றிவிட்டார்கள்.
ராத்திரி முழுக்க உன் பெட்டி
யாருக்குத்தான் உழைக்கிறது?

யாருக்கென்று எனக்கும் முழுசாகத் தெரியாது.

ரிச்சி தெருவில்
ஏழாயிரம் சொன்னதை ஐந்தே காலுக்குப் பேசி வாங்கியது.
கடைக்காரர் சுரண்டியும் போகாத ஸ்டிக்கரில்
அரை மட்டையும் ஒரு கையும் இன்னும் இருக்கின்றன.
வீட்டுக் கணக்கு எழுதத்தான் வாங்கினேன்.
ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு எதிரே
மருந்துக்கடையில் நான் நிற்கும் நேரமும்
வந்து தூங்கும் நேரமும்
அது சும்மா இருந்தது.
சும்மா இருப்பவர்களுக்கு
இந்த ஊரில் உடனே ஒரு வேலை சொல்லிவிடுவார்கள்.
அதற்கும் வந்தது.

தூரத்தில் ஏதோ ஆய்வுக்கூடம்
ஒரு துண்டு வேலை அனுப்புகிறது:
இந்தக் கிருமியின் புரதத்தில் இங்கே ஒரு பள்ளம்,
இந்த மூலக்கூறு அதில் அமருமா, பார்.
ஆறு மணி நேரம் பார்க்கிறது.
சாய்த்து, புரட்டி, வாலைப் பிடித்து முறுக்கி,
பத்துப் பொருத்தமும் பார்த்துவிட்டு
விடியும்போது பதில் போடுகிறது:
பொருந்தவில்லை.

இதுவரை ஆயிரத்து நூற்றுச் சொச்சம் துண்டுகள்.
ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

நானும் பகலெல்லாம் அந்த மாதிரிதான் சொல்கிறேன்.
ஸ்டாக் இல்லைங்க.
அந்த மாத்திரை இப்போ வர்றதில்லைங்க.
போன செவ்வாய், எண்ணூரிலிருந்து ஒருவர்,
மருந்துச் சீட்டை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு
ரேஷன் கார்டு மாதிரி நீட்டினார்.
எனக்கு முன் ஆறு கடையில் கேட்டிருந்தார்.
ஏழாவது இல்லையையும் வாங்கிக்கொண்டு
எட்டாவது கடைக்குப் போனார்.
அங்கேயும் இல்லை என்று எனக்குத் தெரியும்.
சொல்லியிருக்கலாம்.
வரிசையில் அடுத்த ஆள் கையை நீட்டிவிட்டார்.

என் இல்லையை யாரும் எழுதிவைப்பதில்லை.
பெட்டியின் இல்லையை எழுதிக்கொள்கிறார்கள்.
இந்தக் கதவைத் தட்டியாயிற்று, இனி யாரும்
இங்கே வந்து நிற்க வேண்டாம் என்று.

இதைக் கோதண்டனிடம் சொன்னால்
அப்போ அந்த மாத்திரை எப்போ வரும் என்பான்.
ஹார்பரில் கன்டெய்னர் எண்ணுகிறவன்.
எண்ணி முடித்தால் கப்பல் கிளம்ப வேண்டும் அவனுக்கு.

இது ஒன்றுதான் காரணம் என்றும் சொல்ல முடியாது.
பாயின்ட் தருகிறார்கள்.
எதற்கும் உதவாத பாயின்ட், ஒரு டீ கூட வராது.
ஆனாலும் ராஜபாளையத்து ஆள் ஒருத்தரை
தை மாதம் முந்தினேன்.
அன்றைக்குக் கேசரி கிண்டினேன்,
ஏனென்று வீட்டில் சொல்லவில்லை.

அப்புறம் இதுவும்:
ஒரே துண்டை இரண்டு பேருக்குக் கொடுப்பார்கள்.
என் பெட்டி போட்ட கணக்கும்
பனி கொட்டும் ஏதோ ஊரில் முகம் தெரியாத ஒருவரின்
பெட்டி போட்ட கணக்கும்
புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம் வரை ஒத்துப்போனால்தான்
சரி என்று டிக் விழும்.
விழுகிறது.
ஃபேன் மூன்றிலா ஐந்திலா என்பதில்
இந்த வீட்டில் பதினாலு வருஷமாக விழாத டிக்.

சத்தம் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன்.
முதல் வாரம் தூக்கமே வரவில்லை.
இப்போது அது நின்றால் முழிப்பு வருகிறது.

அப்படித்தான் மே மாதம்
டிரான்ஸ்ஃபார்மர் வெடித்த ராத்திரி விழித்தேன்.
எழுபத்தொரு சதவீதத்தில் நின்றிருந்தது.
கரண்ட் வந்ததும் அறுபத்தெட்டிலிருந்து தொடங்கியது,
முனகாமல்.
மூன்று சதவீதம் போயிற்று. போகட்டும்.
மார்கழிக் குளிருக்கு அதன் முதுகில் குடியேறி
இன்னும் காலி செய்யாத பல்லி மட்டும்
ஒரு முறை உச்சுக் கொட்டியது.
அந்தத் திசைக்கு என்ன பலனோ.

இன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தோம்.
கோதண்டன் எழுந்து போய் ஹால் டியூப்லைட்டை அணைத்தான்.
பிறகு கிச்சன் விளக்கை.
பன்னிரண்டு யூனிட், என்றான்.
வேறு ஒன்றும் சொல்லவில்லை.
பெட்டியின் பச்சைப் புள்ளி தவிர எல்லாம் இருட்டு.
தட்டில் ஊறுகாயைத் துழாவிக்கொண்டே
இந்தப் பக்கம் இல்லை, என்றான்.
அந்தப் பக்கம் பார், என்றேன்.